ஆயில் தானாக வடியும்

புனே,
2 ஜூன் 2024

ஜெனிதா,

போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். வாட்ஸப்பிலும் அப்படியே. மெயிலுக்குப் பதில் வருவதில்லை. மரக்காணம் கால்நடை மருத்துவமனைக்கு அடித்தால் உன் உதவியாளர் ஆதிமூலம் எடுத்து, "டாக்டரம்மா சினை ஊசி போட்டுக்கிட்டிருக்காங்க சார்" என்கிறார். காலையில் அடித்தாலும் அதே பதில், சாயங்காலம் அடித்தாலும் அதே பதில். இந்த வேகத்தில் போனால் அந்த வட்டாரத்தில் மனிதர்களைவிட மாடுகள் அதிகமாகிவிடும். ஆகவே தபால் எழுதுகிறேன்.

விஷயம் சுருக்கமானது. ஷெட்டில் நிற்கிற என் கார். ஆகஸ்டில் லாரி ஏற்பாடு செய்து இங்கே எடுத்து வரப் போகிறேன். அதுவரை அதைத் தொடாதே. உள்ளே இருக்கிற ஆயில் ஒரு வருஷத்துக்கு மேல் பழசு. உப்புக் காற்றில் சும்மா நின்ற இன்ஜினை அதே ஆயிலோடு ஸ்டார்ட் செய்து ஓட்டினால் கெட்டுப் போகும். அது தொண்ணூற்றெட்டில் ஜப்பானில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். உன் ஸ்கூட்டி இல்லை. ஊர் மெக்கானிக் யாரையும் ஷெட்டுக்குள் விடாதே. முக்கியமாக நீ உள்ளே போகாதே. மாட்டில் எது தலை எது வால் என்று உனக்குத் தெரியும், ஒத்துக்கொள்கிறேன். காரில் தெரியாது.

நலமா என்று கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லமாட்டாய்.

மார்ட்டின்

---

மரக்காணம்,
12 ஜூன் 2024

மார்ட்டின்,

கல்யாணம் ஆனதிலிருந்து உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். இனிமேல் முடியாது. எழுதிப் பார்த்தேன், பேனா நகரவில்லை.

'என் கார்' என்று எழுதியிருக்கிறாய். இரும்பை கிராமத்தில் அந்தப் பிரெஞ்சுக்காரரிடம் வாங்கி, கல்யாண நாள் பரிசு என்று என் பெயரில் பதிவு செய்தது நீதான். பரிசு கொடுத்தவனே சாவியைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரிந்ததை நான் வேறு எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. அந்தக் காரில் உட்காரும்போது செருப்பைத் தட்டவேண்டும், கதவை மெதுவாகச் சாத்தவேண்டும், பேசாமல் இன்ஜின் சத்தத்தைக் கேட்கவேண்டும். ஓட்டிப் பார்க்கட்டுமா என்று ஒரு தடவை கேட்டேன். "உனக்கு க்ளச் வராது ஜெனி" என்றாய். டிபார்ட்மெண்ட் ஜீப்பை முட்டளவு சேற்றில் ஓட்டுகிறவளிடம் சொன்னாய்.

லாரி அனுப்பாதே. வந்தால் திரும்பிப் போகும். என் காரை நான் ஓட்டப் போகிறேன். ஆயில் பழசு என்றால் மாற்றிக்கொள்கிறேன். தோள்வரை கையை மாட்டுக்குள் விட்டுக் கன்றைத் திருப்புகிறவளுக்கு ஒரு போல்ட்டைத் திருகத் தெரியாதா?

இன்னொரு காரணமும் உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ விட்டுவிட்டு எழுந்து வர முடியாத அளவுக்கு அந்தக் காரின் அடியில் அப்படி என்ன இருந்தது? அதைப் படுத்துப் பார்க்கவேண்டும் எனக்கு.

ஜெனிதா

---

புனே,
21 ஜூன் 2024

ஜெனி,

'நீ' நன்றாகத்தான் இருக்கிறது. மரியாதை என்ற பெயரில் நடந்த நாடகம் முடிந்தது.

நீ ஆயில் மாற்றப் போவதாகப் படித்தபோது ஆபீசில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வீட்டில் பல்பு மாற்ற என்னைக் கூப்பிட்டவள் நீ. சரி, செய்வதென்றால் உயிரோடு செய். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதே. சுவரோரம் இரண்டு இரும்புச் சரிவுகள் சாத்தியிருக்கின்றன, முன் சக்கரங்களை அவற்றின் மேல் ஏற்று. பின் சக்கரத்துக்குக் கட்டை வை. ஏற்றுகிற அளவுக்கு மட்டும் இன்ஜினை ஓட விடு, சூடானால்தான் ஆயில் இளகும். அடியில் பதினேழாம் நம்பர் ஸ்பேனருக்கு ஒரு போல்ட் இருக்கும். அதைக் கழற்றினால் ஆயில் கொட்டும். உன் முகத்தில் கொட்டும், அதை நேரில் பார்க்க முடியவில்லையே என்றுதான் வருத்தம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. ஒரு வருஷமாக நீ இதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறாய். உன் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த நேரத்தில் கார் சரிவின் மேல் இருந்தது, ஆயில் பாதி வெளியே இருந்தது. ஆயில் இல்லாத இன்ஜின் ஓடாது. இது பிசிக்ஸ். அப்படியே ஓடினாலும் அது இரண்டு சீட்டுக் கார், மூன்று பேர் எப்படிப் போவது? ஆட்டோதான் சரி. அதைத்தான் அன்றைக்கும் சொன்னேன். பிசிக்ஸுக்காக ஒரு மனிதனை ஒரு வருஷம் தண்டிக்கிறவளை இப்போதுதான் பார்க்கிறேன்.

கடைசியாக ஒன்று. பழைய ஆயில் ஃபில்ட்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை உரித்து எடுக்காமல் புது ஃபில்ட்டரை மாட்டினால் ஸ்டார்ட் செய்ததும் அத்தனை ஆயிலும் பீய்ச்சி வெளியே வந்துவிடும். எல்லாரும் செய்கிற முட்டாள்தனம். நீயும் செய்வாய்.

மார்ட்டின்

---

மரக்காணம்,
1 ஜூலை 2024

மார்ட்டின்,

உன் கடிதத்தை 'பிசிக்ஸ்' என்ற இடம்வரை படித்தேன். அதற்குமேல் படிக்கிற பொறுமை இல்லை. கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு நேற்று வேலையில் இறங்கினேன்.

புது பேட்டரி போட்டதும் கார் இருமிக்கொண்டு உயிர் பெற்றது. சரிவில் ஏற்றினேன். போல்ட்டைக் கழற்றினேன். ஆயில் என் முகத்தில் கொட்டவில்லை, ஏமாந்துபோ. முழங்கை வழியாக வழிந்தது. கன்று ஈனும்போது வருவதோடு ஒப்பிட்டால் இது சந்தனம். அது அன்றைக்கு நீ ஊற்றிய ஆயில். மழைச் சேறு மாதிரி கறுத்துப் போயிருந்தது.

ஃபில்ட்டர் அசையவில்லை. ஆதிமூலம் அண்ணன் வந்து பழைய துணியைச் சுற்றித் திருகிக் கழற்றிக் கொடுத்தார். புதியதை மாட்டினேன். நாலு லிட்டர் புது ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தேன். ஒரு கறவை மாட்டை ஒரே நேரத்தில் நாலு பேர் கறந்தால் எப்படி இருக்கும்? அப்படிப் பீய்ச்சியது.

"டாக்டரம்மா, ஆஃப் பண்ணுங்க, ஆஃப் பண்ணுங்க! வயித்தால போவுது!" என்று அண்ணன் கத்தினார்.

உடனே அணைத்துவிட்டேன். ஷெட் தரை முழுக்கத் தேன் நிறத்தில் ஆயில். அதில் என் செருப்பு ஒரு பக்கம் போயிற்று, நான் ஒரு பக்கம் போனேன். பிறகு குப்பைக் கூடையைக் கவிழ்த்து, உன் கடிதத்தைத் தேடி எடுத்து, முட்டியில் வைத்து நீவிக் கடைசிப் பத்தியைப் படித்தேன்.

சிரித்துக்கொள். தபால் தலை ஒட்டி நானே அனுப்புகிறேன்.

ஜெனிதா

---

புனே,
9 ஜூலை 2024

ஜெனி,

சிரித்தேன். இரண்டு தடவை படித்துச் சிரித்தேன்.

இதுதான் நீ. பாதிக் கடிதத்தைப் படிப்பாய், பாதிப் பேச்சைக் கேட்பாய், மிச்சத்தை நீயே முடிவு செய்துகொண்டு கசக்கிப் போடுவாய். நம் கல்யாணத்திலும் நடந்தது அதுதான். நல்லவேளை உடனே அணைத்தாய், இன்ஜின் தப்பித்தது. ஒட்டிய வளையத்தை நகத்தால் உரித்து எடு, ஸ்க்ரூடிரைவரால் சுரண்டாதே. புது வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, கையாலேயே இறுக்கு.

இப்போதாவது ஒன்று புரிந்திருக்கும். இது கூடமாட நின்று வேடிக்கை பார்க்கிற வேலை இல்லை. வயிற்றைத் திறந்த மாட்டைத் தைக்காமல் நீ பாதியில் எழுந்து போவாயா? இதுவும் அப்படித்தான். ஆயிலைத் திறந்துவிட்டால் முடியும்வரை பக்கத்திலேயே இருந்தாகவேண்டும். நடுவில் விட்டுவிட்டு யாரும் எங்கும் போகமுடியாது. அன்றைக்கு நான் இதைச் சொன்னபோது நீ என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஏதோ கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்தாய். உன் கையாலேயே செய்து பார்த்துவிட்டாய் அல்லவா? இனியாவது ஒத்துக்கொள்.

மார்ட்டின்

---

மரக்காணம்,
18 ஜூலை 2024

மார்ட்டின்,

போன கடிதத்தில் ஒன்றை எழுதாமல் விட்டேன். அது எனக்கே என்று வைத்திருந்தேன். நீயே வலிய வந்து கேட்கிறாய், வாங்கிக்கொள்.

நான் போல்ட்டைக் கழற்றி, ஆயில் வடிந்துகொண்டு இருந்தபோது கீழ்புத்துப்பட்டிலிருந்து கொளஞ்சியம்மாள் போன் செய்தாள். அவளுக்கு இருப்பது ஒரே மாடு. "டாக்டரம்மா, ஒரு காலு மட்டும் வெளிய வந்து நிக்குது. மாடு கீழ படுத்துட்டுது. கண்ணு சொருவுது. சீக்கிரம் வாங்கம்மா" என்றாள்.

காரின் அடியிலிருந்து உருண்டு வெளியே வந்தேன். கையைத் துடைத்தேன். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். நைட்டியின் மேல் போட்டிருந்த பழைய சட்டைகூட மாற்றவில்லை. கன்று உள்ளே தலையைத் திருப்பி வைத்திருந்தது. தள்ளி, திருப்பி, கயிறு போட்டு இழுத்தோம். காளைக் கன்று. மாடு எழுந்து நக்கத் தொடங்கிய பிறகு கொளஞ்சியம்மாள் என் சட்டையைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, மெக்கானிக் வேலைக்குப் போறியா?" என்று கேட்டாள். டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

கார் அங்கேயே நின்றது. போல்ட் தரையில் கிடந்தது. ஆயில் முழுதும் தொட்டியில் இறங்கியிருந்தது. கடைசிச் சொட்டுகள் இழுத்து இழுத்து விழுந்துகொண்டிருந்தன. நான் இல்லாததால் எதுவும் உடையவில்லை, எதுவும் எரியவில்லை. ஆயில் தானாகத்தான் வடிகிறது, மார்ட்டின். பக்கத்தில் யாரும் நிற்கத் தேவையில்லை. சொல்லப்போனால், நிற்கிறவனுக்கு அங்கே செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

நான் அந்தத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்குத் தவக்காலத்து ஞாயிறு. அப்பா பூசை முடிந்து வந்து சாப்பிடாமல் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். வேர்த்தது. ஷெட்டுக்கு ஓடிவந்து உன்னைக் கூப்பிட்டேன். நீ அடியிலிருந்து தலையை நீட்டி, "ஆயில் வடிஞ்சிக்கிட்டு இருக்குது ஜெனி. நீ ஆட்டோ புடிச்சுப் போ. ஊத்தி முடிச்சுட்டு நான் கார்லயே பின்னாடி வர்றேன்" என்றாய். இந்த ஒரு வருஷமாக நான் உன்னைக் கரித்துக்கொட்டினாலும், உள்ளுக்குள் ஒரு மூலையில் நினைத்துக்கொண்டிருந்தேன்: ஒருவேளை அந்த வேலை அப்படிப்பட்டதாக இருக்கலாம், விட்டால் ஏதாவது வெடித்துவிடுமோ என்னவோ, தெரியாமல் நான்தான் பேசுகிறேனோ என்று. நீ கடிதத்துக்குக் கடிதம் சொல்லும் அந்த பிசிக்ஸை நான் பாதி நம்பித்தான் இருந்தேன்.

நான் காரைக் கேட்கவே இல்லை. கார் ஓடுமா, எத்தனை சீட் என்றெல்லாம் நான் எங்கே கேட்டேன்? உன்னைத்தான் கூப்பிட்டேன். ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார. அப்பாவின் தலையை நான் பிடித்துக்கொண்டால் அவர் காலை நீ பிடித்துக்கொள்ள. வழியில் அனுமந்தையில் அவர் பேசினார், "மார்ட்டின் வரலியாம்மா?" என்று கேட்டார். "பின்னாடி வர்றாருப்பா" என்றேன். அவரிடம் நான் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். கீழ்புத்துப்பட்டு தாண்டும்போது நாடி நின்றுவிட்டது. மாட்டு டாக்டர் என்றாலும் அது தெரியும். பாண்டிவரைக்கும் ஆட்டோக்காரரிடம் சொல்லவில்லை. அவர் ஹார்ன் அடித்துக்கொண்டே ஓட்டினார்.

அப்புறம் ஆஸ்பத்திரிக்கு நீ வந்தாய். கார் பளபளவென்று இருந்தது. கையில் கறை இல்லை. சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தாய்.

ஒத்துக்கொள் என்று கேட்டாயே. ஒத்துக்கொள்கிறேன். என் கையாலேயே செய்து பார்த்துவிட்டேன்.

ஜெனிதா

---

மரக்காணம்,
26 ஆகஸ்ட் 2024

மார்ட்டின்,

பதில் இல்லை. லாரியும் வரவில்லை. பரவாயில்லை.

காரைப் பற்றித்தான் எழுதுகிறேன். வளையத்தை உரித்தேன், ஆயில் ஊற்றினேன், இப்போது ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. இந்த மாதம் முழுக்க ஓட்டினேன். க்ளச் வருகிறது. உப்பளத்து மண் பாதையில் அடி தட்டுகிறது. மருந்துப் பெட்டி வைத்தால் ஆள் உட்கார இடமில்லை, ஆள் உட்கார்ந்தால் பெட்டிக்கு இடமில்லை. போன வாரம் காலொடிந்த ஆட்டை ஏற்றிக்கொண்டு வந்தேன். அது நீ பார்த்துப் பார்த்துத் துடைக்கும் அந்த சீட்டில் செய்ய வேண்டியதைச் செய்தது. நான் வண்டியை ஓரமாக நிறுத்திச் சிரித்தேன். அன்றிரவு யோசித்தபோது சிரிப்பு வரவில்லை. உன்னை எரிச்சல்படுத்துவதற்காக எவ்வளவு தூரம் முட்டியை மடக்கிக்கொண்டு ஓட்டுவது? எனக்கு வேறு வேலை இருக்கிறது.

வந்து எடுத்துக்கொண்டு போ. பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். செப்டம்பர் பதினைந்தாம் தேதி பொம்மையார்பாளையத்தில் கால்நடை முகாம், நான் வீட்டில் இருக்கமாட்டேன். அந்த நாளில் வா. சாவி ஆதிமூலம் அண்ணனிடம் இருக்கும்.

ஆட்டு வாசனை போகாது. வினிகர் போட்டுப் பார்.

ஜெனிதா

---

புனே,
22 செப்டம்பர் 2024

ஜெனி,

கார் வந்து சேர்ந்தது. வழியில் ஒரு தொந்தரவும் இல்லை.

ஆதிமூலம் சாவியைக் கொடுத்தார், காபி வேண்டுமா என்று கேட்கவில்லை. உன் வேலையை நம்பி அத்தனை தூரம் ஓட்ட முடியாது என்று ஸ்பேனர், புது ஃபில்ட்டர், ஆயில் எல்லாம் வாங்கிக்கொண்டுதான் வந்தேன். எல்லாவற்றையும் பிரித்து மறுபடி செய்வதாக இருந்தேன். சரிவில் ஏற்றிப் படுத்துப் பார்த்தேன். காய்ந்து சுத்தமாக இருந்தது. போல்ட்டில் ஸ்பேனரை வைத்துப் பார்த்தேன், நகரவில்லை. "சார், டாக்டரம்மா டைட் வெச்சா லூசாவாது" என்று ஆதிமூலம் வெளியே நின்றபடி சொன்னார். ஆயில் அளவு மட்டும் கோட்டுக்கு மேல் ஒரு நூல் அதிகம். ஊற்றும்போது கை தாராளம் உனக்கு.

அப்புறம் அங்கேயே படுத்திருந்தேன். எழுந்திருக்கத் தோன்றவில்லை. அந்த இடத்திலிருந்து பார்த்தால் ஷெட்டின் கதவிடுக்கில் வீட்டுப் படி தெரிகிறது. நீ என்னைக் கூப்பிட இறங்கி ஓடிவந்த படி. ஆதிமூலம் குனிந்து பார்த்து, "இன்னா சார், தூங்கிட்டீங்களா?" என்றார்.

திண்டிவனம் ரோட்டுக்குப் போகவேண்டியவன் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் போனேன். ஏன் என்று கேட்காதே. அடக்கத்துக்குப் பிறகு அங்கே போனதில்லை. கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி இறங்கி நின்றேன். உள்ளே புல் வெட்டிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து, "யாருங்க? எந்தக் குடும்பம்?" என்று கேட்டார். உன் அப்பா பெயரைச் சொல்லி, மரியதாஸ் குடும்பம் என்று சொல்ல வாயெடுத்தேன். மருமகன் என்று சொல்லவேண்டும். "சும்மா பாக்க வந்தேன்" என்றேன். அவர் காரையும் என்னையும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

கம்பி வழியாக எந்தக் கல்லறை என்று தேடினேன். தெரியவில்லை. கிளம்பிவிட்டேன்.

வினிகர் போட்டேன். வாசனை போகவில்லை.

மார்ட்டின்

---

மரக்காணம்,
3 அக்டோபர் 2024

மார்ட்டின்,

உள்ளே நுழைந்து இடது பக்கம், சுவரோரம் மூன்றாவது. உப்புக் காற்றில் பெயர் மங்கிவிட்டது, கம்பி வழியாகப் பார்த்தால் தெரியாது. கிட்டே போய்க் கையால் தடவிப் பார்க்கவேண்டும்.

அந்தக் கேட்டை யாரும் பூட்டுவதில்லை. ஆடு நுழையாமலிருக்க ஒரு கொக்கி மட்டும் போட்டிருக்கும். நீ வெளியே நின்றதற்கு கேட் காரணம் இல்லை. அதையும் பிசிக்ஸ் என்று எழுதிவிடாதே.

மார்ச்சில் அப்பாவுக்கு நினைவுப் பூசை வைத்திருக்கிறேன். காலை ஆறு மணிப் பூசை. வருவதும் வராததும் உன் இஷ்டம். வருவதானால் பஸ்ஸில் வா.

ஜெனிதா